பத்து நாள் ஒத்திகை

சலூன்காரர் மகள் சிட்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே இடது காது மந்தம். வகுப்பில் இடம் மாற்றிப் போட்டதில் அந்தக் காதுதான் கணக்கு வாத்தியார் பக்கம் வந்து வாய்த்தது. அவர் வாயால் சொல்லும் கணக்கெல்லாம் காற்றோடு போக, மார்க் மளமளவென்று சரிந்தது. இன்னொரு பரீட்சையில் கோட்டைவிட்டால் அவள் ஆசைப்பட்ட கணக்குப் பிரிவு கிடைக்காது.

"நீங்களே வந்து சொல்லுங்கப்பா" என்றாள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்தான் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். வருஷத்துக்கொரு வாத்தியார், வருஷத்துக்கொரு கெஞ்சல்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், கண்ணு. உனக்குப் பதிலா அப்பன் எத்தனை நாள் அழறது?" என்று அவளைச் சலூன் நாற்காலியில் உட்காரவைத்தார். பின்னால் நின்று, கையில் சீப்போடு, கண்ணாடியில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வாத்தியாரானார்.

"சார், எனக்கு இடது காது சரியா கேக்காது. ஜன்னலோரம் முதல் பெஞ்சுன்னா வலது காது உங்க பக்கம் வரும். அங்க உட்காரலாமா?"

"முடியாது! ஆளாளுக்கு இடம் கேட்டா நான் பாடம் நடத்தறதா, பெஞ்சைத் தூக்கறதா?"

முதல் நாள் அவள் கண் கலங்கியது. நாலாம் நாள் எதிர்த்துப் பதில் வந்தது. பத்தாம் நாள் டாக்டர் சீட்டு, தலைமையாசிரியர் என்று அவள் அடுக்கிய அடுக்கில், முகம் நிறைய நுரையோடு காத்திருந்த வாடிக்கையாளரே "குடுத்துருங்க சார், பாவம்" என்று சிபாரிசுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் சலூன்காரருக்கு வேலை ஓடவில்லை. ஒருவருக்குக் கிருதா ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் போய்விட்டது.

நாலரைக்குச் சிட்டு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"முடியாதுன்னுட்டாரா?"

"கேட்ட உடனே, 'தாராளமா உட்காரும்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா'ன்னுட்டாருப்பா. சப்புன்னு போச்சு. மிச்சமிருந்த தைரியத்துல, 'போர்டைப் பார்த்துப் பேசாதீங்க சார், எங்களைப் பார்த்துப் பேசுங்க'ன்னும் சொல்லிட்டேன்."

சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு இடப்பக்கமிருந்த அலமாரியைப் பார்க்கத் திரும்பி, கத்தரிகளைத் துடைத்தபடியே மகளைப் புகழ்ந்து தள்ளினார். பதில் வராமல் போகவே திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, நீங்களும் அப்படித்தான். கண்ணாடியில உங்க முகம் தெரிஞ்சா சரி, வாயைப் பார்த்துப் புரிஞ்சுப்பேன். வீட்டுல முதுகைக் காட்டிக்கிட்டே பேசறீங்க. பாதி கேக்காது. சும்மா தலையாட்டி வெப்பேன்."

இருபது வருஷமாகப் பிடரிகளோடு பேசிப் பழகிய மனுஷருக்குச் சுருக்கென்றது. அத்தனை வாத்தியார்களிடம் இவளுக்காகப் பேசியவருக்கு இவளிடம் பேசத் தெரிந்திருக்கவில்லை.

"ஏன் கண்ணு இத்தனை நாள் சொல்லல?"

"இப்பதானே சொல்லக் கத்துக்கிட்டேன்."

கத்தரியை வைத்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்து, அவளுடைய வலது பக்கமாகப் போட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குதுப்பா. கத்தாதீங்க."