பலகையின் அடிப்பக்கம்

என் கொழுந்தன் கிளீட்டஸுக்கு ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவன் பெயரை, எங்கள் புனித வால்புர்கா கோயில் திருவிழாவில் ஆளுயர விளம்பரத் தட்டியில் எழுதி வைத்திருந்தார்கள். 'கார்ன்ஹோல் விளையாட்டு பிறந்த மண். கண்டுபிடித்தவர் கிளீட்டஸ் வூர்ஸ்டர், 1979.' பார்த்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

சின்சினாட்டி நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இந்த விளையாட்டு எங்களுக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. சாய்வான பலகை, அதில் ஓர் ஓட்டை. எட்ட நின்று மக்காச்சோளம் அடைத்த பையை வீச வேண்டும். உள்ளே விழுந்தால் மூன்று புள்ளி, பலகைமேல் நின்றால் ஒன்று. இன்னொரு கையில் இருக்கும் பீரைக் கீழே வைக்காமலே ஆடலாம். கல்யாணமோ, ஞானஸ்நானமோ, அடக்கம் முடிந்து சாப்பாடோ, கொல்லையில் இரண்டு பலகை கிடக்கும். இப்போது அமெரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. கோப்பைக்குப் போட்டி வைத்து டிவியில் காட்டுகிறார்கள். டிவிக்காரர்களின் பைக்குள் பிளாஸ்டிக் மணி. எலி கடிக்காதாம், மழையில் முளைக்காதாம். என் பைகள் முளைத்திருக்கின்றன. ஒரு வசந்த காலத்தில் கொல்லையிலேயே மறந்துவிட்டதில் எட்டுப் பையிலும் பச்சை முளை துணியைத் துளைத்துக்கொண்டு வந்தது.

அப்படிப் பிளாஸ்டிக் மணி அடைத்த பை செய்யும் ஒரு கம்பெனிதான் இந்த வருஷம் திருவிழாவுக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்தது. அதன் ஆள் பிரெண்ட் என்பவன், இதை ஆரம்பித்தது யார் என்று கோயில் வாசலில் விசாரித்திருக்கிறான். கிளீட்டஸ் முந்திக்கொண்டு நான்தான் என்றிருக்கிறான். அவ்வளவுதான் விசாரணை.

எங்கள் தெருவில் முதல் பலகையைச் செய்தவர் என் கணவர் நோர்பர்ட். எங்களுக்குக் கல்யாணமான அடுத்த கோடையில், பழைய அலமாரிக் கதவை அறுத்துச் செய்தார். கிளீட்டஸ் பக்கத்தில் நின்று பீர் குடித்தான். நோர்பர்ட் போய்ப் பதினொரு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. கல்லறையைத் தவிர அவர் பெயர் வேறெங்காவது இருக்க வேண்டுமென்றால் அது அந்தத் தட்டியில்தான். அதையும் தம்பி பிடுங்கிக்கொண்டால் நான் பார்த்துக்கொண்டிருப்பேனா?

வீட்டுக்கு வந்து, கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் கிடந்த பலகையை இழுத்தேன். எதைச் செய்தாலும் அடியில் பென்சிலால் தேதி போடுவது நோர்பர்ட்டின் வழக்கம். தேதியும் அவர் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே இருந்ததை ஏதோ அளவு என்று விட்டுவிட்டேன். இருந்த கோபத்தில் படிக்கப் பொறுமை இல்லை. காரில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன்.

தட்டிக்கு முன்னால் கிளீட்டஸ் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பலகையை அவன் காலடியில் தொப்பென்று போட்டேன். இது யார் செய்தது, சொல்லு என்றேன். அவன் பிரெண்டைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணி, மரத்தை அறுத்தது அண்ணன். யோசனை என்னோடது. போனவரை வச்சு இப்ப எதுக்கு வம்பு?"

போனவர்! ஊரே கேட்கட்டும் என்று பலகையைத் திருப்பி உரக்கப் படித்தேன். "ஜூன் ஒன்பது, எழுபத்தொன்பது. நோர்பர்ட் செய்தது." கிளீட்டஸ் முகம் சுருங்கியது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அதற்குள் என் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நோர்பர்ட் பெயர் நிற்கும். ஆனால் கிளீட்டஸ் எதிரில்தான் நின்றான். இதை முழுங்கினால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? மிச்சத்தையும் படித்தேன். "கொர்டூலா வீட்டுப் பலகை மாதிரியே. ஓட்டைக்கு அளவு அவங்க காபி டப்பா. டப்பாவை ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்."

கொர்டூலா என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மேப்பிள் மரம் என் கூரையில் இலை கொட்டிய சண்டையில் பத்தொன்பது வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. பத்தடி தள்ளி உருளைக்கிழங்கு சாலட் விற்றுக்கொண்டு நின்றாள். எனக்குக் கிளீட்டஸ் மேல் இருந்த கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. நேராகப் போனேன்.

"இத்தனை வருஷமா ஏன் வாயே திறக்கல?"

"யாரு கேட்டா?" என்றாள், கரண்டியைக் கீழே வைக்காமல். "அதுவும் எங்களோடது இல்ல. ஹாரிசன் ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில எங்கண்ணன் பாத்துட்டு வந்து செஞ்சான். அந்தப் பண்ணைக்காரன் எங்க பாத்தானோ."

பிரெண்டிடம் சொன்னேன். தட்டி எழுதியாகிவிட்டது, வீடியோவும் போய்விட்டது என்றான். நல்ல கதைதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே கேட்டான். கிளீட்டஸ் மறுபடி படத்துக்கு நின்றான். பலகையை நான் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் தையல் மிஷின் பக்கத்தில் அந்தக் காபி டப்பா இருந்தது. பலகை செய்த நாளில் நோர்பர்ட் கொண்டுவந்தது, திருப்பிக் கொடுக்கவே இல்லை. நாற்பத்தைந்து வருஷமாக நூல்கண்டு போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கோயிலுக்கு நான் தைத்த அத்தனை பைக்கும் அதிலிருந்துதான் நூல். மறுநாள் பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய் நோர்பர்ட்டை நன்றாகத் திட்டினேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பிறகு வீட்டில் நூலைக் கொட்டிவிட்டு, டப்பாவோடு கொர்டூலா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவள் வாங்கி உள்ளே பார்த்தாள். என்னிடமே நீட்டினாள்.

"நூல் போட்டுக்கோ. ஆனா யார் கேட்டாலும் கொர்டூலா டப்பான்னு சொல்லணும்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து டப்பாவின் அடியில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதினேன். தகரத்தில் நிற்கவில்லை. நோர்பர்ட்டின் பெட்டியிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கீறினேன்.