ஞா எர்மெலிந்தா போனால் ஞாயிற்றுக்கிழமை

அம்மா என்கிற மரியாதையில் எல்லோரும் ‘ஞா’ சேர்த்துக் கூப்பிடும் எர்மெலிந்தா எந்தக் கிழமை போனாலும், பேருந்திலிருந்து இறங்கியதும் தலைநகரமான அசுன்சியோனில் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். முதல் முறை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் கால் தரையில் பட்டதும் கோயில் மணி அடித்தது, கடைகள் அடைபட்டன, டை கட்டி நடந்த ஆட்கள் அரைக்கால் சட்டையில், ஞாயிற்று விருந்துக்கு இறைச்சி சுடக் கரி மூட்டை தூக்கிப் போனார்கள். பதிவு அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. மாலை அவள் திரும்பிப் போனதும் நகரம் மறுபடி செவ்வாய்க்கிழமையாகி, விட்ட வேலையைத் தொடர்ந்ததாம்.

அவள் கேட்டது ஒன்றும் பெரிதில்லை. மகள் லிதுவினாவின் பிறப்பைப் பதிவேட்டில் எழுத யாரோ மறந்துவிட்டார்கள். தாய் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். அது இருந்தால்தான் பிப்ரவரி கடைசிக்குள் ஆசிரியர் பயிற்சியில் சேர முடியும். தன் ஊரான பிரிபெபூயிலிருந்து ஒன்பது முறை போனாள். ஒன்பதும் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினால் திங்களாகுமோ என்று அதையும் பார்த்தாள், ஆகவில்லை. ஆத்திரத்தில் பூட்டிய கதவை எட்டி உதைத்ததில் செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

சக பயணிகளுக்கும் பொறுமை போய்விட்டது. “ஞா எர்மெலிந்தா, நீங்க ஏறுனா நான் எறங்கிக்கிறேன். இன்னிக்கு எனக்குப் பல்லு புடுங்கணும்,” என்றார் ஒருவர்.

“எனக்கு மட்டும் ஆசையா? வேணும்னா உங்க பல்ல நானே புடுங்கி விட்டுர்றேன்,” என்றாள்.

பத்தாவது முறை, பிப்ரவரி இருபத்தேழாம் தேதி, அவள் அலுவலகம் பக்கமே போகவில்லை. பதிவாளர் தோன் வென்செஸ்லாவின் வீட்டை விசாரித்துப் போனாள். மாமரத்தடியில் குடும்பமே தெரெரே குடித்துக்கொண்டிருந்தது. இலைத்தூள் நிரப்பிய கொம்புக் குவளையில் அவர் ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொருவராகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அவளுக்கும் நாற்காலி போட்டார்கள், குவளை வந்தது. போதும் என்கிறவர் நன்றி சொல்லித் திருப்பித் தர வேண்டும். சொல்லாதவருக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் நிறுத்துகிற வீட்டை ஊரே காறித் துப்பும். எர்மெலிந்தா வந்த காரியத்தைச் சொன்னாள், நன்றி மட்டும் சொல்லவில்லை.

பிள்ளைகள் நன்றி சொல்லி எழுந்து போனார்கள். மனைவியும் போனாள். ஐஸ் நான்கு முறை தீர்ந்தது. எர்மெலிந்தா போகாததால் ஞாயிறு முடியவில்லை. மாமரத்து நிழல் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

“போதுமா, ஞா?”

“இன்னொண்ணு ஊத்துங்க.”

“வயிறா, கெணறா இது? ஞாயித்துக்கிழமை ஆபீஸ் தொறந்தா என் வேலை போயிரும். நாளைக்கு வாங்களேன்.”

“உங்க ஊர்ல எனக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருந்தா, இங்க எதுக்கு வரேன்? ஊத்துங்க.”

மேலும் நாற்பது குவளைக்குப் பிறகு அவர் சாவியை எடுத்தார். வீட்டுச் செருப்போடு போய் அலுவலகத்தைத் திறந்தார், கையெழுத்து வாங்கினார், முத்திரை குத்தினார். காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் எர்மெலிந்தா “நன்றி” என்றாள். அதுவரை நின்ற சூரியன் அவசரமாக இறங்கியது.

லிதுவினா இப்போது தலைநகரத்திலேயே ஆசிரியை. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு, “டீச்சர், உங்கம்மாவ வரச் சொல்லுங்க,” என்று கெஞ்சுவார்கள். தலைமை ஆசிரியை தேர்வு அட்டவணையை எர்மெலிந்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்.