தோணிரேவு நிவாரணப் பட்டியல்

புயல் நிவாரணப் பட்டியலில் ஜமுனாவின் பெயர் இல்லை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். புயலுக்குப் பிறகு ஒரு மாதமாக இறாலே இல்லை.

“படகு, வலை போனவங்களுக்குத்தான் துட்டு. உனுக்கு இன்னா போச்சு?” என்றார் மீனவர் சங்கத் தலைவர் அங்கமுத்து.

“அப்போ நாங்க மண்ணத் துன்றதா?” என்று நிவாரண அதிகாரியின் மேசையிலிருந்த பட்டியலைப் பிடுங்கினாள் ஜமுனா.

அங்கமுத்து அவள் மயிரைப் பிடித்துக் கீழே தள்ளி, தாளை விடாத வலக்கையைச் செருப்புக் காலால் மிதித்தார். இரண்டு விரல்கள் முறிந்தன. ஜமுனா அவர் கெண்டைக்காலைக் கடித்தாள். சதை கிழிந்து ரத்தம் வழிந்தும் விடவில்லை.

“எழுதிடுறேம்மா, விடு!” என்று அலறினார் அதிகாரி. அவர் குனிந்து அந்தத் தாளிலேயே அவள் பெயரை எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் ஜமுனா வாயைத் திறந்தாள்.

பணம் வந்தது. அந்த இரண்டு விரல்களும் மடங்காததால், இப்போது இடக்கையால்தான் இறால் தடவுகிறாள்.