பாதியில் நின்ற அறிவிப்பு

“அம்மா, நாம இந்த ஊர் ஆளா, வந்த ஆளா?”

கண்டிக்குப் பக்கத்து வத்தேகமயில் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று மகள் தர்ஷனா கேட்டாள். சர்மிளா பொங்கிய பாலை இறக்கிவைத்தாள். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். கண்டியில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை. இந்த ஊரை அவள் ஆசைப்பட்டுத்தான் தேர்ந்தெடுத்தாள். மேட்டில் மாதம் ஒரு மாடிவீடு எழும்பினாலும், கடைத்தெரு இன்னும் பழைய கடைத்தெருதான். கறிவேப்பிலையைச் சும்மா கையில் வைத்து, வீடு எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். ஆனால் விடிய பஸ்ஸுக்கு ஓடி, இருட்டத் திரும்புகிறவளை இங்கே யாருக்குத் தெரிந்திருக்கும்?

மழை விடாமல் கொட்டிய ஒரு பகலில், பிள்ளையை ஸ்கூலுக்கு ஏற்றி இறக்கும் ஓட்டோக்கார இருளப்பன் பாமசிக்குப் போன் பண்ணினார். மழையால் ஸ்கூலை நேரத்துக்கு முன்பே வெள்ளென விட்டுவிட்டார்களாம். அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பிள்ளை இல்லையாம். வடிகால் கான் பெருகி ரோட்டை மூடிவிட்டதாம். அதற்குப் பிறகு போன் எடுபடவில்லை. கணவன் ரமேஸ் கட்டாரில். கூப்பிட வேறு ஆளில்லை.

கண்டியில் ஏறிய பஸ், ஊருக்கு வெளியே மண் சரிந்து நின்றுவிட்டது. சர்மிளா இறங்கி ஓடினாள். கடைத்தெரு முனைக்கு வந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அது தொழுகை நேரமில்லை.

“இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.”

குடிவந்த நாளிலிருந்து, யாராவது இறந்தபோதெல்லாம் அவள் கேட்ட வரி அது. அதைத் தொடர்ந்து ஒரு பெயர் வரும். பிறகு ஜனாஸா எடுத்து அடக்கும் நேரம் வரும்.

“பாமசி மிஸ்ஸிட மகள்...”

கரண்ட் போய்விட்டது.

சர்மிளா ஒரு கடையின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டாள். முருகா என்றுகூட வாயில் வரவில்லை. பள்ளிவாசல் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. அங்கே போய்ச் சேராதவரை பிள்ளை உயிரோடு இருப்பாள் என்று ஓர் எண்ணம் வந்து, அவள் கால்களைக் கட்டிப்போட்டது.

குடையோடு ஒரு பெண் ஓடிவந்தார். துணி விற்கும் பிடவைக் கடை உம்மு குல்சும். இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஏன் மகள் இங்க நிக்கிய? புள்ள பள்ளிவாசல்ல ஈக்கிறா. மோதினார் சொல்லி முடிக்க முந்தி கரண்ட் போயிட்டு.”

“உசுரோடயா?”

உம்மு குல்சும் திகைத்துப் பார்த்தார். விளங்கியதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

“அல்லாஹ்வே. அது மௌத்துக்கு மட்டுமில்ல மகள். எது தொலஞ்சாலும் நாங்க அதத்தான் ஓதுற. எங்கட மனிசன் மூக்குக்கண்ணாடியத் தேடக்கொளயும் அதத்தான்.”

சர்மிளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உம்மு குல்சும் அவள் கையை விடாமல் கூட்டிப்போனார்.

பள்ளிவாசல் விறாந்தையில் தர்ஷனா ஒரு சால்வைக்குள் சுருண்டு, வாய் நிறைய பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் அவள் சொன்ன முதல் சேதி, மோதினார் மாமாவின் செருப்பு ரெண்டும் தண்ணீரில் போய்விட்டது என்பதுதான். கானுக்கு அப்பால் பிள்ளை தனியாக நிற்பதைக் கண்டு, தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினார் ஹபீல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூக்கி வந்திருக்கிறார். யார் பிள்ளை என்று கேட்கும் வேலையே இருக்கவில்லை. காலையில் அவள் தாய் பஸ்ஸுக்கு ஓடுவதைக் கடைத்தெருவே தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நடந்ததை உம்மு குல்சும் சொன்னபோது ஹபீலின் முகம் வாடிப்போனது. ஒரு தாயைக் கலங்கடித்துவிட்டேனே என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். வேண்டாம் என்றாலும் கேட்காமல், வெறுங்காலோடு மேடேறி இருவருக்கும் குடைபிடித்து வீட்டு வாசல்வரை வந்தார். சர்மிளா நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி நடந்தார்.

மழை விட்ட பிறகு வாசற்படியில் ஹபீலின் வெறுங்காலின் சேற்றுத் தடம் ஒன்று காய்ந்து கிடந்தது. கழுவுவதற்கு முன் சர்மிளா ஒரு நூலை எடுத்து அதன்மேல் நீட்டி அளந்துகொண்டாள்.

அடுத்த நாள் கண்டி மார்க்கட்டில் அந்த நூலை வைத்துப் பார்த்து ஒரு சோடி செருப்பு வாங்கினாள். மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்குப் போகும் வழியில் பள்ளிவாசல் பக்கம் திரும்பினாள். உள்ளே எல்லோரும் நெற்றி தரையில் பட சுஜூதில் இருந்தார்கள். மோதினாரின் அறை வாசலில் செருப்பு இரண்டையும் கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.