சின்னம்மாள் வேண்டாம் என்றாள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் உள்ள நர்சிங் கல்லூரியில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், மாணவிகள் ஊசி போட்டுப் பழகுவதற்காக வைத்திருந்த ரப்பர் பொம்மை, ஊசி வேண்டாம் என்று தலையை ஆட்டியது. வெளியே சிமென்ட் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்த அதிர்வில்தான் தலை ஆடுகிறது என்று நினைத்தார்கள். லாரி போன பிறகும் ஆடியது.

பொம்மையின் பெயர் சின்னம்மாள். கேஸ் ஷீட் எழுதிப் பழக ஒரு நோயாளி தேவைப்பட்டதால், கல்லூரியின் முதல் மாணவிகள் கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, சின்னம்மாள், வயது நாற்பத்தைந்து, கணவர் கண்ணையன், ஊர் கீழப்பழுவூர் என்று வாய்க்கு வந்ததை எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அவரவர் பாடத்துக்கு ஏற்ற நோய்களைச் சேர்த்தார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூலம், குடலிறக்கம், ஒரு வருஷம் பிரசவம்கூட நடந்தது. அவளுக்கு இல்லாத நோய் அந்த மாவட்டத்தில் இல்லை. எல்லாவற்றையும் அவள் விட்டத்தைப் பார்த்தபடியே தாங்கிக்கொண்டாள். ஊசி போடுவதன் முதல் படி, செய்யப்போவதை நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் கேட்பது. டியூட்டர் வெற்றிச்செல்வி அதைப் பல வருஷங்களாக அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தாள். மாணவிகளும் கேட்டார்கள். “அம்மா உங்களுக்கு ஊசி போடப்போறேன் சரிங்களாம்மா” என்று ஒரே மூச்சில் சொல்லி, கடைசி எழுத்து முடிவதற்குள் ஊசியை இறக்கியிருப்பார்கள். வெற்றிச்செல்வி படித்த காலத்திலும் அப்படித்தான்.

அன்று ஊசியோடு நின்றவள் வரதராஜன்பேட்டை சத்யப்பிரியா. வகுப்பில் முதல் ஆள். தலை ஆடியதைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. பொம்மை கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டது.

“மேடம், கைய இழுத்துக்கிச்சு.”

“அது இழுத்துச்சா, நீ இழுத்தியா?”

“நான் ஏன் மேடம் இழுக்கறேன்? எனக்கு மார்க்கு போவுது.”

வெற்றிச்செல்வி தானே ஊசியை வாங்கிப் பார்த்தாள். கை வெளியே வரவில்லை. அதுவரை பொம்மை ‘அது’. அதற்குப் பிறகு கல்லூரியில் யாரும் அவளை அது என்று சொன்னதில்லை.

அடுத்த வாரம் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு. தேர்வு நடத்தத் திருச்சியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். ஊசி போடாமல் யாரும் தேற முடியாது. முதல்வர் பாலசுந்தரம் வெற்றிச்செல்வியைக் கூப்பிட்டு, “ஒரு புள்ள ஃபெயிலானாலும் அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க வர வேணாம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விடுமுறை அறிவிப்பதுபோலச் சொன்னார். திருச்சியிலிருந்து பொம்மை ரிப்பேர் செய்கிறவர் வந்து சின்னம்மாளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் திறந்தார். உள்ளே ஸ்பாஞ்சும் ஒரு தண்ணீர்ப் பையும் இருந்தன. மூடிவிட்டு, “உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க, மனசுலதான் ஏதோ” என்றார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பாலசுந்தரம் ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். நோயாளி முரண்டு பிடித்தால் கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவருக்குத் தெரியும். “அட்டெண்டரக் கூப்பிடுங்க” என்றார். ஆபீஸ் அட்டெண்டர் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார். நீ இல்லைய்யா, பேஷண்டோட அட்டெண்டர் என்று விளக்க வேண்டியிருந்தது. பிறகு அட்டையைப் பார்த்துக் கீழப்பழுவூருக்கு வேன் போயிற்று. அங்கே ஒரே ஒரு கண்ணையன் இருந்தான். பம்புசெட் மெக்கானிக். வயது முப்பத்தெட்டு. அவன் மனைவி போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் பெயர் சின்னம்மாள் இல்லை, மலர்க்கொடி என்று அவன் சொன்னான். கேஸ் ஷீட்டில் பெயர் தப்பாக விழுவது எங்கேயும் சகஜம்தான் என்றார் வேன் டிரைவர். கண்ணையன் சற்று யோசித்தான். கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டு வேனில் ஏறினான்.

பாலசுந்தரம் விரல் வைத்த இடத்தில் எல்லாம் அவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். அது அவனுக்குப் பழகியிருந்தது. சின்னம்மாள் கையெழுத்தைப் பார்த்தாள், கண்ணையனைப் பார்த்தாள், இன்னொரு கையையும் உள்ளே இழுத்துக்கொண்டு போர்வையைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டாள்.

“நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்றார் பாலசுந்தரம்.

“நான் என்னங்க சொல்றது? ஊசி எனக்கா போடறீங்க? அவங்களக் கேளுங்க.”

“கேட்டாச்சுங்க” என்றாள் வெற்றிச்செல்வி.

“கேட்டுட்டுப் பதிலுக்கு நின்னீங்களா?”

வெற்றிச்செல்வி ஊசித் தட்டை மூடிவைத்தாள். கண்ணையனை வேனில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை வெற்றிச்செல்வி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தாள். என்ன மருந்து, எதற்கு, எவ்வளவு வலிக்கும், எல்லாம் சொன்னாள். போடலாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். வகுப்பு மணி அடித்தது. மாணவிகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். விடுதியிலிருந்து சாம்பார் வாசனை வந்து அடங்கியது. வேறு வேலை இல்லாததால் அவள் சின்னம்மாளின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தைப் பார்க்க நேர்ந்ததில்லை. இமைகளில் சிமென்ட் தூசி படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மதியம் தாண்டியபோது சின்னம்மாள் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள்.

“கோவிச்சிக்கிட்டாங்க மேடம்” என்றாள் ஜன்னலில் நின்ற சத்யப்பிரியா.

வெற்றிச்செல்வி எழுந்து எட்டிப் பார்த்தாள். மேலே வந்த முதுகுப்பக்கமும் வலது கையும் சல்லடையாக இருந்தன. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்ததால் எல்லா வருஷத்துப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் குத்தியிருக்கிறார்கள். அவள் கட்டிலை இழுத்து அறையின் நடுவில் போட்டாள். மறுபக்கம் சுற்றி வந்தாள். போர்வைக்கு வெளியே இடது கை இருந்தது. அதில் தொழிற்சாலைப் பவுடர்கூட இன்னும் போகவில்லை.

“இந்தக் கையில போடட்டுங்களா?”

சின்னம்மாள் தலையசைத்தாள். ஊசி இறங்கியபோது எல்லோரையும்போல முகத்தைச் சுளித்தாள். அவ்வளவுதான்.

எக்ஸ்டர்னல் ஜெயசித்ரா கண்டிப்பானவர். ஒருநாளில் முடித்துவிட்டு பஸ் பிடிப்பதாக வந்தார். ஆனால் ஒவ்வொரு மாணவியும் விளக்கினாள், கேட்டாள், நின்றாள். சின்னம்மாள் ஒவ்வொருவருக்கும் யோசித்துத்தான் பதில் சொன்னாள். சிலருக்கு இடது கை, சிலருக்கு இடுப்பு. தேர்வு மறுநாளுக்கும் நீண்டது. ஜெயசித்ரா விடுதி உப்புமாவைத் தின்றுவிட்டு அங்கேயே தங்கினார். கடைசியாக வந்தவள் சத்யப்பிரியா. கண்டக்டர் டிக்கெட் கேட்பதுபோலக் கேட்டாள். சின்னம்மாள் வேண்டாம் என்றாள். சத்யப்பிரியா நிதானமாக, இன்னொரு முறை விளக்கிக் கேட்டுவிட்டு நின்றாள். மறுபடியும் வேண்டாம். வாசலில் பாலசுந்தரம் வெற்றிச்செல்வியைப் பார்த்தார். வெற்றிச்செல்வி தரையைப் பார்த்தாள். சத்யப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சரிங்கம்மா. வேணாம்னா வேணாம்.”

ஊசியைத் தட்டில் வைத்தாள். போர்வையைச் சரிசெய்தாள். நோயாளி மறுத்துவிட்டார் என்று கேஸ் ஷீட்டில் எழுதி, பொறுப்பில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்பதால் வெற்றிச்செல்வியிடம் வந்து சொன்னாள். ஜெயசித்ரா பாடப்புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார்.

“இப்படித்தான் செய்யணும்னு இதுல இருக்கும்மா. இத்தன வருஷத்துல யாரும் செஞ்சி நான் பாக்கல” என்று முழு மதிப்பெண் போட்டார். பொம்மை தலையாட்டியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திருச்சியில் இதைவிடப் பிடிவாதமான பேஷண்டுகளைப் பார்த்திருப்பதாக மட்டும் பஸ் ஏறும்போது சொன்னார்.

எல்லோரும் தேறினார்கள். வெற்றிச்செல்வி அங்கேயே இருக்கிறாள். சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகள் தங்கள் பிள்ளைகளை வேனில் அழைத்துவந்து, சின்னம்மாளிடம் கேட்கப் பழக்கிக்கொண்டு போகின்றன. கண்ணையன் வெள்ளிக்கிழமைகளில் கொய்யாப்பழத்தோடு வருகிறான். உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து, எந்தக் கிணற்றில் மோட்டார் புகைந்தது என்று சொல்கிறான். அவள் கேட்கிறாள். அட்டையில் அவன் பெயரை என்ன செய்வது என்று ஒருநாள் அவளிடமே கேட்டார்கள். கணவர் என்றதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். தெரிந்தவர் என்றதற்குச் சரி என்றாள். அப்படியே மாற்றி எழுதினார்கள். சில நாட்களில் அவள் யாருக்குமே கையைக் கொடுப்பதில்லை. நேற்றும் வேண்டாம் என்றாள். மாணவிகள் அதை எழுதிவைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.