தையல்காரரின் முன்பற்கள்

"பல் போனா ஞாபகமும் போகுமா டாக்டர்?" என்று தையல்காரரின் மனைவி கேட்டபோது பல் டாக்டர் சிரிக்கவில்லை.

"சம்பந்தம் இருக்கலாம்னு சில பேர் சொல்றாங்கம்மா. அடிச்சுச் சொல்ல முடியாது. முதல்ல அவரைப் பல்செட்டை வாயில போடச் சொல்லுங்க. டப்பாவுல போட்டு வச்சா எப்படி?"

அவள் கவலை அவளுக்கு. முன்பற்கள் நாலும் போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் மூன்று சட்டைகளைக் கெடுத்துவிட்டார் மனிதர். எல்லா அளவையும் மனசில் வைத்துக்கொண்டு, கடைசியில் மேஜைக்கு வந்து மொத்தமாக எழுதுவது அவர் பழக்கம். இப்போதோ தோள் பதினெட்டு, நோட்டில் பதினாறாகிவிடுகிறது. அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே "நீங்க யாரு?" என்று கேட்டவர். அந்தப் பயத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மிஷினில் உட்காரும் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னொரு துணி பாழாச்சுன்னா அளவும் வெட்டும் இனி நான்தான். நீங்க பட்டன் தைங்கப்பா."

"நாப்பது வருஷம் வெட்டின கைடி இது!"

"கையில ஒரு குறையும் இல்லப்பா."

பல்செட்டோடு கடைக்கு வந்த முதல் நாளே பஸ் கண்டக்டர் ஒருத்தர் யூனிஃபார்ம் தைக்க வந்தார். ஒல்லி மனிதர்.

"என்ன மாஸ்டர், வயசு குறைஞ்சு போச்சு?"

"பொண்ணு பார்க்கப் போறேன், துணைக்கு வர்றியா தம்பி? கையைத் தூக்கு. ஆமா, உன் ரூட்டை மாத்திட்டாங்களாமே, எந்த நம்பர்?"

"நாப்பத்தேழு."

மேஜைக்குப் போனார். பேனா அந்தரத்தில் நின்றது. "மார்பு... நாப்பத்தேழு."

"மாஸ்டர்! அந்தச் சட்டையில இன்னொரு ஆளை ஏத்தலாமே!"

மகள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

மூலையில் ஓரம் அடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. பல் போவதற்கு முன்னால், அத்தனை வருஷத்தில் அளவெடுக்கும்போது இவர் பேசி அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பேசுவார்? முன்பல் இடுக்கில் குண்டூசிகள் அல்லவா இருக்கும்!

"இருடி" என்று மகளை நிறுத்தினாள். நாலு குண்டூசியோடு அவரிடம் போனாள். "வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னா திறங்க. ம், கடிச்சுக்குங்க. இப்ப அளங்க."

கண்டக்டர் விடவில்லை. "எங்க டிரைவர் இருக்காரே மாஸ்டர், நேத்து என்ன செஞ்சார் தெரியுமா?"

"ம்ம்."

"கேளுங்களேன்!"

"ம்ம்ம்."

ஐந்து அளவையும் மூச்சு விடாமல் எழுதினார். மகள் டேப்பை வாங்கி மறுபடி அளந்தாள். தோள், மார்பு, கை, கழுத்து, உயரம். ஐந்தும் சரி.

"அப்ப ஞாபகம் பல்லுலதான் இருந்திருக்கு!" என்றார் கண்டக்டர்.

"வாய் சும்மா இருந்தா தலை வேலை செய்யுது, அவ்வளவுதான்" என்றாள் மனைவி. சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

"சரிப்பா" என்றாள் மகள். "நீங்களே வெட்டுங்க."

அவர் குண்டூசிகளை எடுத்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார்.

"பேசாதீங்க" என்றாள் மனைவி. "பேன்ட் அளவு பாக்கி இருக்கு."