பிப்பிட் குருவியின் கழுத்துப் பை

வேலிக்கு வெளியே சோறு கிடையாது. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் அப்படித்தான் சொன்னது. ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியை வாசலிலேயே கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு பருக்கை இருந்தாலும் அது காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் என்றார்கள். வேலியைத் தாண்டிவிட்டால் பசிப்பதே குற்றம் என்று ஆகியிருந்தது.

ஜெனவீவ் வளர்த்த பிப்பிட் குருவிக்கு இதெல்லாம் தெரியாது.

மழையில் கூடு சரிந்து விழுந்த குஞ்சு அது. குழைந்த சோற்றை மூங்கில் குச்சி நுனியில் வைத்து, நாக்கை மேலண்ணத்தில் தட்ட வேண்டும். டக், டக்-டக். அப்போதுதான் வாயைத் திறக்கும். அந்தத் தாளம் அவள் புருஷன் ராஃபேலுடையது. குருவி வளர்ப்பதில் அவன் கெட்டிக்காரன். மரம் வெட்டப் போனவன் ஒருநாள் திரும்பவில்லை. பிறகு போலீஸ் ஓர் உடலைக் காட்டியது. முகம் அடையாளம் தெரியவில்லை, சட்டை அவனுடையது. பாதர் வந்து ஜெபம் சொல்ல, சட்டையை முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

இறகு முளைத்ததும் குருவி வேலி தாண்டிப் பறந்தது. சாயங்காலம் திரும்பியது. தானாகக் கொத்தித் தின்னத் தெரியாத வயது, பசியில் கத்தும் என்று ஜெனவீவ் குச்சியோடு நின்றாள். அது கத்தவில்லை. கழுத்து இறகை ஊதி விலக்கினாள். மெல்லிய தோலுக்குள் கழுத்துப் பை புடைத்திருந்தது. உள்ளே வெள்ளையாகக் குழைந்த சோறு.

பக்கத்து வீட்டுத் தாயம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாருடி ஊட்டிவிட்டா இதுக்கு?"

"நான் இல்லக்கா."

"அந்தாண்ட சோறு ஏது? அதோட, டக்டக் போடாம இது வாயே தொறக்காதே லா..."

சொல்லிவிட்டுத் தாயம்மா தன் வாயை மூடிக்கொண்டாள். காலம் கடந்திருந்தது. லயத்தில் செய்திக்கு மட்டும் அனுமதிச் சீட்டு தேவையில்லை. வாசல் காவல் பார்க்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தங்கராஜு துப்பாக்கியும் கையுமாக வந்து நின்றான்.

"என்ன தங்கச்சி, ஒன் குருவி கம்யூனிஸ்டா?"

"அதுக்கு இன்னும் ஞானஸ்நானமே குடுக்கலண்ணே."

"இந்தா, செவப்பு நூலு. காலுல கட்டி நாளைக்குப் பறக்க வுடு. பின்னாலயே நாங்க வர்றோம். ஊட்டுறவன் ஆப்டுவான்."

"அவரு செத்துட்டாருன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?"

"செத்தவனுக்கு ஏன் பயப்படுற? கட்டு."

மறுநாள் அவள் நூலைக் கட்டினாள், கூண்டின் கதவில். குருவி நாள் முழுக்க உள்ளேயே இருந்தது. பொழுது சாயும்போது தங்கராஜு வந்தான்.

"பறக்க வுடலயா?"

"சளி புடிச்சிருக்குண்ணே."

"நல்லதாப் போச்சு." அவன் வாசற்படியில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்தான். "குருவி போவலன்னா, ஆளு தேடிக்கிட்டு வருவான்."

ஊரடங்குச் சங்கு ஊதி ஓய்ந்தது. ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டக், டக்-டக்.

கூண்டுக்குள் குருவி வாயைப் பிளந்தது. தங்கராஜு எழுந்து குறி வைத்தான். மறுபடி கேட்டது, இந்த முறை கம்பியை ஒட்டி.

ஜெனவீவ் நாக்கைத் தட்டினாள். பலமாக, விடாமல். பக்கத்து வீட்டிலிருந்து தாயம்மாவும் தட்டினாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கதவுகள் மூடியபடியே லயம் முழுக்க டக்டக்கென்றது.

"நிறுத்துங்கடி!" எது வேலிப் பக்கத்துச் சத்தம் என்று பிரிக்க முடியாமல் தங்கராஜுவின் துப்பாக்கி ஒவ்வொரு கதவாகத் திரும்பியது. நாக்கைத் தட்டுவதற்கு எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லோரையும் திட்டிக்கொண்டே காவல் கொட்டகைக்குப் போனான்.

சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வேலிப் பக்கமும் அடங்கியது.

ஜெனவீவ் கதவைச் சாத்திவிட்டுக் கூண்டருகே வந்தாள். நாளெல்லாம் குருவிக்கு அவள் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. அது கண்ணை மூடி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நூல் முடிச்சு போட்டபடியே இருந்தது. அவிழ்த்து, குருவியை எடுத்து, கழுத்தை ஊதினாள்.

பை நிறைந்திருந்தது. விரலால் தொட்டாள். சுடச்சுடச் சோறு.

அவள் அடுப்பு காலையிலிருந்து மூட்டப்படவில்லை.

ஜெனவீவ் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ சாப்பிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள். குருவியிடம் கேட்கவில்லை.